எழுத்து ஏன் உடைகிறது? குறிமுறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கோப்புகளைப் புதிய கணினிகளுக்கு மாற்றிக் கொடுப்பதில்தான் என் பொழுதில் பாதி போகிறது. வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் தனித்தனியாகப் பதில் எழுதிச் சலித்துப்போய், எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். எண்களைப் பதின்ம முறையிலேயே கொடுத்திருப்பதால் பதினாறடிமானம் தெரியாதவர்களும் படிக்கலாம்.

என் கணினியில் நன்றாகத் தெரிந்த கோப்பு இன்னொரு கணினியில் ஏன் கிறுக்கலாகத் தெரிகிறது?

கோப்புக்குள் எழுத்துகள் கிடையாது. 0 முதல் 255 வரையுள்ள எண்கள்தான் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வோர் எண்ணும் ஒரு பைட். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணைதான் குறிமுறை, அதாவது என்கோடிங். எழுதியவர் ஓர் அட்டவணையையும் படிப்பவர் வேறோர் அட்டவணையையும் வைத்திருந்தால் கிறுக்கல்தான் மிஞ்சும்.

'க' என்ற ஓர் எழுத்தை மட்டும் பார்ப்போம். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் அது 224, 174, 149 என்ற மூன்று பைட்டுகள். இதே மூன்றை விண்டோஸ்-1252 என்ற மேற்கு ஐரோப்பிய அட்டவணையை வைத்துப் படித்தால், 224 தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில 'ஏ' ஆகிறது. 174 வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட பதிவு முத்திரை. 149 ஒரு கரும்புள்ளி. ஓர் எழுத்து இருந்த இடத்தில் மூன்று வந்து உட்கார்ந்துவிட்டன. ஆனால் கோப்பில் ஒரு பைட்கூட மாறவில்லை.

சிக்கலின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. வெறும் டெக்ஸ்ட் கோப்பில் 'நான் இன்ன குறிமுறையில் எழுதப்பட்டவன்' என்று குறித்து வைக்க இடமே இல்லை. அந்தத் தகவல் எப்போதும் வெளியில்தான் இருக்கும்: மின்னஞ்சலின் தலைப்பகுதியில், சர்வர் அனுப்பும் பதிலில், பல நேரம் அனுப்பியவரின் நினைவில் மட்டும். கோப்பு கைமாறும்போது அது வழியிலேயே எங்கோ விழுந்துவிடுகிறது.

கட்டம் கட்டமாக வருவது, கேள்விக்குறியாக வருவது, கிறுக்கலாக வருவது: மூன்றும் ஒன்றுதானே?

இல்லை. இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்கள்.

வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் குறிமுறை சரியாகவே இருக்கிறது, எழுத்துரு மட்டும்தான் இல்லை. கணினிக்கு அது என்ன எழுத்து என்று தெரியும், வரைந்து காட்ட உருவம் கையில் இல்லை. இந்தக் கட்டங்களைத் தொழிலில் 'டோஃபு' என்பார்கள். கூகுளின் நோட்டோ எழுத்துருக் குடும்பத்துக்கு 'டோஃபு வேண்டாம்' என்ற பொருளில்தான் அந்தப் பெயரே வந்தது. பொருத்தமான எழுத்துருவை நிறுவினால் முடிந்தது கதை.

கிறுக்கல் தெரிந்தால் அட்டவணை தப்பு. பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. வேறு குறிமுறையைத் தேர்ந்தெடுத்துத் திறந்தாலே சரியாகும்.

சாதாரணக் கேள்விக்குறிகள் வரிசையாகத் தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும். யாரோ ஒருவர், அல்லது ஏதோ ஒரு நிரல், தமிழே இல்லாத அட்டவணையில் தமிழைச் சேமிக்கப் பார்த்திருக்கிறது. இடம் இல்லாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறியின் எண்ணான 63ஐப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. எத்தனை எழுத்து இருந்தாலும் எல்லாம் 63தான். அதிலிருந்து மூலத்தை மீட்க எந்த மந்திரமும் கிடையாது, காப்புப் பிரதியைத்தான் தேட வேண்டும்.

நான்காவதாக ஒன்று உண்டு: கறுப்பு வைரத்துக்குள் வெள்ளைக் கேள்விக்குறி (�). 'இந்த பைட் எனக்குப் புரியவில்லை' என்று படிக்கும் நிரல் வைக்கும் அடையாளம் அது, எல்லா மொழிக்கும் பொதுவான அட்டவணையான யூனிகோடில் 65533ஆம் இடம். திரையில் மட்டும் தெரிந்தால் பயமில்லை. அந்த நிலையில் சேமிப்பை அழுத்தினால் வைரமே கோப்புக்குள் போய்விடும், பழைய பைட் போயே போச்சு.

அதனால் யார் கேட்டாலும் முதலில் நான் சொல்வது ஒன்றுதான்: உடைந்து தெரிகிற கோப்பைச் சேமிக்காதீர்கள். ஆரம்ப காலத்தில் ஒரு முறை, கிறுக்கலாகத் தெரிந்த கோப்பில் தலைப்பை மட்டும் திருத்திவிட்டுச் சேமித்து, இருநூறு பக்கத்தைக் கேள்விக்குறியாக்கியவன் நான்.

ஆரம்பத்திலேயே உலகம் முழுக்க ஒரே அட்டவணை வைத்திருக்கக் கூடாதா?

வைக்கத்தான் பார்த்தார்கள். 1963இல் ஆஸ்கி வந்தது. எழுத்துக்கு ஏழு பிட் (0 அல்லது 1 என்ற இலக்கங்கள் ஏழு), 128 இடங்கள், ஆங்கிலத்துக்குப் போதும். அடுத்த ஆண்டே ஐபிஎம் தன் சிஸ்டம்/360 கணினிகளை எப்சிடிக் என்ற வேறு குறிமுறையோடு அறிவித்தது. ஆங்கிலப் பெரிய 'ஏ' ஆஸ்கியில் 65, எப்சிடிக்கில் 193. எப்சிடிக்கில் எழுத்துகள் அடுத்தடுத்துக்கூட இருக்காது, 'ஐ' 201இல் முடிந்தால் 'ஜே' 209இல்தான் தொடங்கும். எழுத்தின் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் அடுத்த எழுத்து வரும் என்று நம்பி நிரல் எழுதியவர்கள் அங்கே வசமாக மாட்டிக்கொண்டார்கள். பெரிய மெயின்ஃபிரேம்களோடு தரவு பரிமாறுகிறவர்கள் இன்றும் இந்த மாற்றத்தைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

எட்டாவது பிட்டும் சேர்ந்தபோது 128 முதல் 255 வரை காலி இடம் கிடைத்தது. ஆளாளுக்கு அதைப் பங்கு போட்டார்கள். மேற்கு ஐரோப்பாவுக்கு ஐஎஸ்ஓ 8859-1, அதையே கொஞ்சம் மாற்றி விண்டோஸ்-1252, ஆப்பிளுக்கு மேக் ரோமன், ரஷ்யத்துக்கு கேஓஐ8. ஜப்பானியமும் சீனமும் 256இல் அடங்காது என்பதால் இரண்டு பைட் முறைகளான ஷிஃப்ட் ஜிஸ், பிக்5 போன்றவை வந்தன. கிறுக்கலுக்கு உலகம் முழுக்கப் புழங்கும் 'மோஜிபாகே' என்ற சொல் ஜப்பானியச் சொல். அவ்வளவு அடிபட்டிருக்கிறார்கள்.

எல்லா மொழிக்கும் ஒரே அட்டவணையாக யூனிகோடின் முதல் பதிப்பு 1991இல் வெளியானது. அதிலேயே தமிழ் இருந்தது: 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். இந்திய எழுத்துகளின் அடுக்கு 1988ஆம் ஆண்டு இந்தியத் தரமான இஸ்கியை ஒட்டி அமைந்ததால், மற்ற எழுத்துமுறைகளில் இருந்து தமிழில் இல்லாத ஒலிகளுக்கான இடங்கள் நம் வரிசையில் ஓட்டையாக நிற்கின்றன.

யூனிகோடும் யூடிஎஃப்-8உம் ஒன்றா?

இல்லை. யூனிகோட் என்பது எழுத்துக்கு எண் கொடுக்கும் பட்டியல்: 'க' என்றால் 2965. அந்த எண்ணைப் பைட்டுகளாக எப்படி எழுதுவது என்பது தனிக் கேள்வி. யூடிஎஃப்-8 என்றால் 224, 174, 149. யூடிஎஃப்-16 என்றால் 11, 149 என்ற இரண்டு பைட். 'யூனிகோடில்தான் அனுப்பினேன்' என்று ஒருவர் சொன்னால் அது பாதித் தகவல்தான்.

யூடிஎஃப்-8ஐ 1992 செப்டம்பரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில் சாப்பாட்டுத் தட்டுக்குக் கீழே விரிக்கும் காகிதத்தில் வடிவமைத்தார்கள். அதன் அழகு என்னவென்றால், முதல் 128 எண்களும் ஆஸ்கியில் உள்ளபடியே ஒரு பைட்டாக இருக்கும். அதனால் பழைய ஆங்கிலக் கோப்பு எதுவும் மாறாமலே யூடிஎஃப்-8 கோப்பாகிவிட்டது. மற்ற எழுத்துகளுக்கு, முதல் பைட்டைப் பார்த்தாலே பின்னால் எத்தனை பைட் வரும் என்று தெரியும். தொடரும் பைட்டுகள் எப்போதும் 128க்கும் 191க்கும் இடையில்தான் இருக்கும். நடுவில் ஒரு பைட் தொலைந்தால் ஓர் எழுத்தோடு சேதம் நின்றுவிடும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பும் இதே வகைச் சிக்கல்தானா?

அதைவிட மோசம். அங்கே குறிமுறையே பொய் சொல்கிறது. பாமினியில் 'அம்மா' என்று அடித்த கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கிலத்தின் சின்ன எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, கடைசியில் எச். எழுத்துரு அந்த இடங்களில் தமிழ் உருவத்தை ஒட்டி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். கணினியைப் பொறுத்தவரை அது தூய ஆங்கிலக் கோப்பு. எந்தக் குறிமுறையைத் தேர்ந்தெடுத்துத் திறந்தாலும் தமிழ் வராது.

இன்னொரு சிக்கல், வரிசை. இந்த எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் அடிப்போம்: 'கொ' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோடிலோ முதலில் மெய், பிறகுதான் உயிர்க்குறி. ஆகவே மாற்றும் நிரல் எண்ணை மாற்றினால் மட்டும் போதாது, இடத்தையும் மாற்ற வேண்டும். திஸ்கி, தமிழ்நாடு அரசு 1999இல் தரமாக்கிய டாப், டாம் எல்லாமே இப்படி எட்டு பிட்டுக்குள் உருவங்களை அடுக்கியவைதான். 2010இல் அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது, கூடவே டேஸ்-16 என்ற அனைத்தெழுத்து முறையையும்.

நடைமுறையில் ஒரு யோசனை. வேர்ட் கோப்பாக இருந்தால் அதை அப்படியே வைத்து மாற்றுங்கள், உரையை மட்டும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டாதீர்கள். வேர்ட் கோப்பில் எந்தத் துண்டு எந்த எழுத்துருவில் உள்ளது என்ற தகவல் இருக்கும், அதை வைத்துத் தமிழையும் ஆங்கிலத்தையும் பிரிக்கலாம். நோட்பேடுக்குப் போனதும் அது போய்விடும். பிறகு மாற்றி நிரல், இடையில் வரும் உண்மையான ஆங்கிலச் சொல்லையும் தமிழாக நினைத்து அரைத்துத் தள்ளும்.

எக்செலில் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த தரவு) கோப்பைத் திறந்தால் தமிழ் உடைகிறது. நோட்பேடில் சரியாக இருக்கிறதே?

இரட்டைச் சொடுக்கில் திறந்தால், எக்செல் அதை அந்தக் கணினியின் பழைய எட்டு பிட் அட்டவணை என்று நினைத்துப் படிக்கிறது. கோப்பில் தவறில்லை. எக்செலை முதலில் திறந்து, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வியிலிருந்து கொண்டுவரும் வழியில் போய், 'கோப்பின் மூலம்' (ஃபைல் ஆரிஜின்) என்ற இடத்தில் 65001ஐத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் அகராதியில் யூடிஎஃப்-8க்கு அந்த எண்தான் பெயர். நீங்களே சிஎஸ்வி தயாரித்து மற்றவருக்கு அனுப்புகிறீர்கள் என்றால், சேமிக்கும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் அவர்களுக்கு இந்தத் தொல்லை இருக்காது. காரணம் அடுத்த பதிலில்.

'பாம்' என்கிறார்களே, அது என்ன? வைக்கலாமா, கூடாதா?

பைட் வரிசைக் குறி. கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாமல் உட்காரும் ஒரு குறியீடு. யூடிஎஃப்-16இல் அதற்கு உண்மையான வேலை உண்டு: 255, 254 என்று தொடங்கினால் சிறிய பைட் முதலில், 254, 255 என்றால் பெரிய பைட் முதலில். யூடிஎஃப்-8இல் பைட் வரிசை என்ற பிரச்சினையே இல்லை. அங்கே 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகள் 'இது யூடிஎஃப்-8' என்ற விலாசமாக மட்டும் பயன்படுகின்றன.

எக்செலுக்கு அந்த விலாசம் பிடிக்கும். லினக்ஸ் உலகத்துக்குப் பிடிக்காது. ஷெல் ஸ்கிரிப்டின் முதல் இரண்டு பைட்டுகள் இன்னவைதான் என்று கணினி எதிர்பார்க்கும்போது 239 வந்து நின்றால் ஓடாது. சிஎஸ்வியைப் படிக்கும் நிரலில், முதல் நெடுவரிசையின் பெயர் கண்ணுக்குச் சரியாக இருந்தும் 'அப்படி ஒரு நெடுவரிசை இல்லை' என்று பிழை வந்தால், பத்தில் ஒன்பது முறை இந்த மூன்று பைட்தான் காரணமாக இருக்கும். என் பழக்கம்: எக்செலுக்குப் போகும் சிஎஸ்விக்கு மட்டும் பாம், வேறு எதற்கும் கிடையாது.

ஓர் எழுத்துக்கு மூன்று கிறுக்கலுக்குப் பதில் ஆறேழு கிறுக்கல் வருகிறது. இது என்ன?

இரட்டைக் குறியாக்கம். எனக்கு வரும் கோப்புகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

நடந்தது இதுதான். யூடிஎஃப்-8 தமிழ்க் கோப்பை ஒரு நிரல் விண்டோஸ்-1252 என்று நினைத்துப் படித்தது. 'க' மூன்று கிறுக்கல் எழுத்துகளானது. அந்தக் கிறுக்கலை உண்மையான உரை என்று நம்பி மறுபடியும் யூடிஎஃப்-8இல் சேமித்தது. சாய்கோட்டு 'ஏ' 195, 160 என்று இரண்டு பைட்டானது. பதிவு முத்திரை 194, 174 என்று இரண்டு. கரும்புள்ளி 226, 128, 162 என்று மூன்று. மூன்று பைட் 'க' இப்போது ஏழு பைட். இதையே இன்னொரு நிரல் தப்பாகப் படித்துச் சேமித்தால் இன்னும் வீங்கும். மூன்று சுற்றுப் போன தரவுதளத்தையும் பார்த்திருக்கிறேன்.

தமிழில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. தமிழ் எழுத்து எதுவானாலும் யூடிஎஃப்-8இல் 224இல்தான் தொடங்கும், இரண்டாவது பைட் 174 அல்லது 175. ஆகவே சாய்கோட்டு 'ஏ' மூன்றெழுத்துக்கு ஒரு முறை தலைகாட்டிக்கொண்டே இருந்தால், உள்ளே இருப்பது யூடிஎஃப்-8 தமிழ்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

மீட்பது என்றால் வந்த வழியே திரும்ப வேண்டும். யூடிஎஃப்-8ஆகப் படித்து, விண்டோஸ்-1252ஆக எழுதி, அந்தப் பைட்டுகளை மறுபடி யூடிஎஃப்-8ஆகப் படிக்க வேண்டும். ஆனால் ஒரு கண்ணிவெடி இருக்கிறது. விண்டோஸ்-1252 அட்டவணையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. தமிழில் உகரக் குறியின் (ு) கடைசி பைட் 129, புள்ளியின் (்) கடைசி பைட் 141, 'ஏ'வுக்கு 143, 'ஐ'க்கு 144. புள்ளியும் உகரமும் இல்லாத தமிழ் வரி ஏது? உடைத்த நிரல் அந்தக் காலி இடங்களைத் தாராளமாக அப்படியே கடத்திவிட்டிருந்தால் முழுதாக மீட்கலாம். கேள்விக்குறி போட்டிருந்தால் மெய்யெழுத்துப் புள்ளி எல்லாம் காணாமல் போயிருக்கும். மீட்கும் நிரலும் கறாராக இருந்தால் இதே இடங்களில் பிழை சொல்லி நின்றுவிடும். பைத்தானில் இருக்கும் 1252 அப்படித்தான் நிற்கும். மற்ற மொழிக்காரர்கள் எழுதி வைத்த தீர்வுகள் தமிழுக்குப் பாதியில் நின்றுபோவதற்கு இதுதான் காரணம்.

இரண்டு சொற்களும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கின்றன. தேடினால் ஒன்றுதான் கிடைக்கிறது. ஏன்?

யூனிகோடில் 'கொ'வை இரண்டு விதமாக எழுதலாம். க (2965), பக்கத்தில் ஒகரக் குறி (3018) என்று இரண்டு குறியீடுகள். அல்லது க, எகரக் கொம்பு (3014), கால் (3006) என்று மூன்று. திரையில் இம்மியும் வித்தியாசம் தெரியாது. பைட்டில் ஒன்று ஆறு, மற்றது ஒன்பது. பைட்டை ஒப்பிடும் நிரலுக்கு இவை வேறு வேறு சொற்கள்.

இரண்டும் சமம்தான் என்று யூனிகோடே சொல்கிறது. இயல்பாக்கம் என்ற செயல் இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். சேர்த்த வடிவம் என்எஃப்சி, பிரித்த வடிவம் என்எஃப்டி. தரவுதளத்தில் போடும் முன்பும் தேடும் முன்பும் என்எஃப்சிக்கு மாற்றிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ்+ கோப்பு முறைமை, கோப்புப் பெயர்களைத் தானாகவே பிரித்த வடிவத்தில் வைக்கும். 'கொடி' என்று பெயரிட்ட கோப்பு லினக்ஸுக்குப் போனபின், பெயரை அடித்துத் தேடினால் 'இல்லை' என்று வருவது அதனால்தான்.

இயல்பாக்கம் தீர்க்காத ஒன்றும் உண்டு. 'ஔ' என்று அடிக்காமல் 'ஒ'வும் 'ள'வும் அடித்து வைத்திருப்பார்கள். அது குறிமுறைப்படி வேறு சொல், இயல்பாக்கம் அதைத் தொடாது. ஸ்ரீயும் அப்படித்தான்: 'ஸ'வில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று, 2005இல் யூனிகோட் 4.1 சேர்த்த 'ஶ'வில் தொடங்கும் ஸ்ரீ இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். இவற்றைத் தேடி மாற்ற நீங்களேதான் விதி எழுத வேண்டும்.

தமிழ் நன்றாகப் போகிறது, எமோஜி போட்டால் மட்டும் தரவுதளம் பிழை சொல்கிறது.

மைஎஸ்க்யூஎல் என்றால் ஊகிக்கவே தேவையில்லை. அதில் 'யூடிஎஃப்8' என்று நீண்ட காலம் இருந்தது, எழுத்துக்கு மூன்று பைட் வரை மட்டும் ஏற்கும் அரைகுறை முறை. தமிழ் மூன்று பைட்டில் அடங்கியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 😀 வந்தது, அதற்கு நான்கு பைட் வேண்டும்: 240, 159, 152, 128. கறாரான அமைப்பில் பிழை வரும். தளர்வான அமைப்பில் எமோஜியிலிருந்து மீதி வரி முழுவதும் சத்தமில்லாமல் வெட்டுப்படும், இது பிழையைவிடக் கொடுமை.

2010இல் 5.5.3 பதிப்போடு வந்த 'யூடிஎஃப்8எம்பி4' தான் உண்மையான யூடிஎஃப்-8. 8.0 பதிப்பிலிருந்து அதுவே இயல்பு. தரவுதளத்தில் உள்ள அட்டவணையின் (டேபிள்) குறிமுறையை மட்டும் மாற்றிவிட்டு நிற்காதீர்கள், உங்கள் நிரல் தரவுதளத்தோடு பேசும் இணைப்பின் குறிமுறையையும் மாற்றுங்கள். மேலே சொன்ன இரட்டைக் குறியாக்கம் பெரும்பாலும் இந்த இணைப்பில்தான் பிறக்கிறது.

'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மனிதருக்கு மூன்று எழுத்து. யூனிகோட் குறியீடுகளாக ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-16இல் பத்து பைட், யூடிஎஃப்-8இல் பதினைந்து. 'பெயர் இருபது எழுத்துக்குள் இருக்க வேண்டும்' என்று படிவத்தில் போடும் நிரலர் இந்த நான்கில் எதை எண்ணுகிறார் என்று அவருக்கே தெரியாதபோது, பெயரின் கடைசிப் புள்ளி வெட்டுப்படுகிறது. வெட்டியே ஆக வேண்டும் என்றால், பயனர் பார்க்கும் எழுத்து எல்லையில் வெட்டும் நூலகத்தைப் பயன்படுத்துங்கள்.

குறுஞ்செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்தைச் சேர்த்தால் நீளம் பாதிக்கும் கீழே குறைகிறதே?

ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஏழு பிட் எழுத்துகளாக அடைத்தால் 160 எழுத்துகள் பிடிக்கும். அந்த ஏழு பிட் அட்டவணையில் இல்லாத எழுத்து ஒன்று வந்தாலும் செய்தி முழுவதும் எழுத்துக்கு இரண்டு பைட் முறைக்கு மாறும், அப்போது 70தான். இங்கே எண்ணப்படுவது குறியீடுகள், ஆகவே புள்ளியும் கொம்பும் தனித்தனி எழுத்தாகவே கணக்கில் வரும்.

தமிழுக்கு யூடிஎஃப்-8இல் மூன்று பைட், யூடிஎஃப்-16இல் இரண்டு. அதையே பயன்படுத்தினால் மிச்சம்தானே?

கணக்கு சரிதான், ஆனால் கோப்பில் தமிழ் மட்டுமா இருக்கிறது? இடைவெளி, எண்கள், நிறுத்தக்குறிகள், வலைப்பக்கம் என்றால் அத்தனை குறிச்சொற்கள், எல்லாம் யூடிஎஃப்-8இல் ஒரு பைட், அங்கே இரண்டு. சுருக்கி அனுப்பும்போது வித்தியாசம் இன்னும் குறைந்துவிடும். விண்டோஸும் ஜாவாவும் உள்ளுக்குள் யூடிஎஃப்-16 வைத்துக்கொள்ளட்டும். கணினி விட்டுக் கணினி போகும் எதுவும் யூடிஎஃப்-8ஆகவே போகட்டும்.

குறிமுறையை மென்பொருளே கண்டுபிடித்துக்கொள்ளாதா?

ஊகிக்கும், சில நேரம் கோட்டை விடும். விண்டோஸ் எக்ஸ்பி நோட்பேடில் 'புஷ் ஹிட் த ஃபேக்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் அடித்துச் சேமித்து மறுபடி திறந்தால் சீன எழுத்துகள் தெரியும். சதி என்று கதைகூடக் கட்டினார்கள். இடைவெளியோடு பதினெட்டு பைட், அதை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒன்பது யூடிஎஃப்-16 எழுத்துகள் என்று நோட்பேட் தவறாக ஊகித்தது, அவ்வளவே.

இதில் நம்பக்கூடிய ஊகம் ஒன்றுதான். யூடிஎஃப்-8இன் பைட் அமைப்பு கறாரானது. 128க்கு மேற்பட்ட பைட்டுகள் நிறைய உள்ள கோப்பு முழுவதும் அந்த விதிக்குப் பொருந்தினால் அது தற்செயலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எட்டு பிட் அட்டவணைகளுக்குள் எது என்று கேட்டால் மென்பொருளும் நம்மைப் போல் கையைப் பிசையும்.

வலைப்பக்கத்தில் யூடிஎஃப்-8 என்று எழுதியிருக்கிறேன், இருந்தும் உடைகிறது.

சர்வர் வேறு ஏதோ சொல்லியிருக்கும். உலாவி முதலில் பாமை நம்பும், அடுத்து சர்வரின் தலைப்பகுதியை, அப்புறம்தான் பக்கத்துக்குள் நீங்கள் எழுதிய மெட்டா குறிச்சொல்லை. அந்தக் குறிச்சொல்லும் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஜிப் கோப்பைப் பிரித்தால் உள்ளே பெயர்கள் மட்டும் உடைகின்றன.

ஜிப்பின் பழைய விதிப்படி கோப்புப் பெயர்கள் 437 என்ற டாஸ் கால அட்டவணையில் இருக்க வேண்டும். யூடிஎஃப்-8 பெயர் என்று காட்டும் கொடி 2006இல்தான் விதிக்குள் வந்தது. கொடி போடாமல் கட்டும் நிரலும், போட்டதைக் கவனிக்காத நிரலும் இன்னும் உண்டு. உள்ளடக்கத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வேறு நிரலில் பிரித்துப் பாருங்கள்.

லினக்ஸில் ஓடும் என் பைத்தான் நிரல் விண்டோஸில் ஏன் குறிமுறைப் பிழை சொல்கிறது?

கோப்பைத் திறக்கும்போது குறிமுறையை நீங்கள் சொல்லாவிட்டால், பைத்தான் 3 நீண்ட காலமாக அந்தக் கணினியின் இயல்பையே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. லினக்ஸில் அது யூடிஎஃப்-8, விண்டோஸில் பழைய எட்டு பிட் அட்டவணை. ஒவ்வொரு முறையும் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதுங்கள். பிழை வராமலிருக்க 'பிழைகளைப் புறக்கணி' என்ற விருப்பத்தைப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அது பிழையை நீக்காது, எழுத்தைத்தான் நீக்கும்.

எல்லா வரியும் ஒரே வரியாக ஒட்டிக்கொண்டு வருகிறது. இதுவும் குறிமுறையா?

பக்கத்து வீட்டுப் பிரச்சினை. வரி முடிவுக்கு விண்டோஸ் 13, 10 என்று இரண்டு பைட் போடும். லினக்ஸும் இன்றைய மேக்கும் 10 மட்டும், பழைய மேக் 13 மட்டும். விண்டோஸ் நோட்பேட் 2018இல்தான் மற்ற இரண்டையும் புரிந்துகொள்ளக் கற்றது.

ஆயிரக்கணக்கான பழைய கோப்புகளை மாற்ற வேண்டும். எங்கே தொடங்குவது?

மூலத்தைத் தொடாமல் நகலெடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். முதலில் யூடிஎஃப்-8 விதிக்குப் பொருந்துபவற்றை ஒதுக்குங்கள். 128க்கு மேல் ஒரு பைட்கூட இல்லாதவை உண்மையான ஆங்கிலமாகவோ பாமினி வகையாகவோ இருக்கும், அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க முடியும். மீதியை வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகையிலும் பத்துக் கோப்புகளை மட்டும் மாற்றிப் படித்துப் பார்த்த பிறகு மொத்தத்தையும் ஓட்டுங்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கேள்விக்குறிகளை எண்ணுங்கள். எண்ணிக்கை கூடியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

புதிதாக ஓர் அமைப்பு தமிழைத் தாங்குமா என்று பார்க்க நான் ஒரு வரி வைத்திருக்கிறேன்: 'ஐந்து ஏடு, ஔடதம் கொடு, பக்ஷி, ஸ்ரீ 😀'. அர்த்தம் தேடாதீர்கள். 1252இன் காலி இடங்களில் விழும் நான்கும், இரண்டு விதமாக எழுதக்கூடிய ஔவும் கொவும், கூட்டெழுத்தும், நான்கு பைட் எமோஜியும் அதில் இருக்கின்றன. அதைப் படிவத்தில் போட்டு, சேமித்து, ஏற்றுமதி செய்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்.